புறா எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனி ஆடிச் சாரலில் நனைந்த கூட்டுத் தரை சரியாகக் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இந்தச் சூழலில் குடல் ஒட்டுண்ணிகள் வேகமாகப் பெருகும். புறா வளர்க்கும் நம்மில் பலர் அதற்குச் செய்வது, மாதம் பிறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பூச்சி மருந்து கொடுப்பது. அதைவிட்டு எச்சத்தைப் பார்த்து மருந்து கொடுக்க விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

எச்சத்தை எதுக்குப் பாக்கணும்? மாசாமாசம் பூச்சி மருந்து கொடுத்தா போதும்லா?

போதாது. உருண்டைப்புழு மருந்து, குடலில் வாழும் ஓரணு ஒட்டுண்ணியான காக்சிடியாவை ஒன்றும் செய்யாது. காக்சிடியா மருந்துக்குப் புழு அசையாது. இரண்டுமே தொண்டையில் வரும் கேங்கர் நோய்க்கு உதவாது. புறா மெலிந்து பச்சையாகக் கழிந்தால் காரணம் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம், எதுவுமே இல்லாமல் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். பார்க்காமல் கொடுத்த மருந்து தற்செயலாகப் பொருந்தினால் உண்டு, இல்லையென்றால் ஒரு வாரம் வீணாகிவிடும். குஞ்சுக்கு அந்த ஒரு வாரமே உயிர்.

என்னெல்லாம் தெரியும், என்னெல்லாம் தெரியாது?

எச்சத்தில் தெளிவாகத் தெரிபவை: காக்சிடியாவின் ஊசிஸ்ட்டுகள் (அதன் முட்டை போன்ற நிலை), உருண்டைப்புழு முட்டை, முடிப்புழு எனப்படும் கேப்பிலேரியாவின் முட்டை, இரத்தம் குடிக்கும் ஆர்னிதோஸ்ட்ராஞ்சிலஸ் என்ற மெல்லிய புழுவின் முட்டை. எச்சம் சூடாக இருக்கும்போதே பார்த்தால் ஹெக்சமிடா என்ற நீந்தும் ஓரணு ஒட்டுண்ணியும் தெரியும்.

தெரியாதவை: சால்மொனெல்லா போன்ற பாக்டீரியா நோய்கள், கழுத்தைத் திருக வைக்கும் பாராமிக்சோ வைரஸ். புறா ஈ பரப்பும் ஹீமோபுரோட்டியஸ் இரத்தத்தில் இருப்பது, அதற்கு இரத்தப் பூச்சு எடுத்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். கேங்கர் தொண்டையிலும் இரைப்பையிலும் (கழுத்தடியில் இரை தங்கும் பை) இருக்கும், அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

எந்த மைக்ராஸ்கோப் வாங்கணும்? ஆன்லைன்ல ஆயிரம் மடங்கு காட்டும்னு யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வருதே, அது போதுமா?

அந்த யுஎஸ்பி கருவிகள் இறகுப் பேனைப் பார்க்க நல்லவை, முட்டை பார்க்க ஆகாது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, 15 மைக்ரான் ஊசிஸ்ட்டின் இரட்டை ஓடு பிரிந்து தெரியாது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கல்லூரிகளில் இருக்கும் சாதாரண கூட்டு மைக்ராஸ்கோப்பே வேண்டும்: 10 மடங்கு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), 4, 10, 40 மடங்கு லென்ஸ்கள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் எச்சத்துக்குத் தேவையே இல்லை.

விலை பேசும்போது இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, சிலைடைத் திருகு வைத்து நகர்த்தும் மெக்கானிக்கல் ஸ்டேஜ். விரலால் தள்ளினால் பார்த்த இடத்தையே திரும்பப் பார்ப்பீர்கள், பார்க்காத இடம் பார்க்காமலே போகும். இரண்டு, ஸ்டேஜுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும், மேலும் கீழும் நகரும் கண்டென்சரும், ஒளியைக் கூட்டிக் குறைக்க அதில் திறந்து மூடும் டயாபிரமும். இரட்டைக் கண் ஐபீஸ் வசதிதான், அவசியமில்லை. பழைய மைக்ராஸ்கோப் வாங்கினால் 40 லென்ஸின் முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம்.

வேற என்ன சாமான் வேணும்?

சிலைடு ஒரு பெட்டி, சிலைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான 22 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப் ஒரு பெட்டி, 15 முதல் 18 மில்லிமீட்டர் வாயுள்ள டெஸ்ட் டியூப் நாலைந்து, கிராம் காட்டும் சின்னத் தராசு, அளவுக் கோடு போட்ட சிரிஞ்ச், டீ வடிகட்டி, இரண்டு பிளாஸ்டிக் கப், ஐஸ்கிரீம் குச்சி, கையுறை, முகக்கவசம். ஆய்வகப் பொருள் கடையிலும் மருந்துக் கடையிலும் எல்லாம் கிடைத்துவிடும். மருந்துக் கடையிலேயே நார்மல் சலைன் ஒரு பாட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள். வடிகட்டியை வாங்கிய அன்றே அடையாளமிட்டு வையுங்கள், அது அடுக்களைக்குத் திரும்பக் கூடாது.

இதைத் தொட்டா நமக்கு நோய் வருமா?

புறாவின் காக்சிடியாவும் இங்கே சொல்லும் புழுக்களும் மனிதனைப் பிடிப்பதில்லை. காய்ந்த எச்சத்தின் தூசிதான் ஆபத்து. கிளிக்காய்ச்சல் என்ற சிட்டகோசிஸ், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, சால்மொனெல்லா எல்லாம் எச்சம் வழியாக வரக்கூடியவை. அதனால் பழைய எச்சத்தைச் சுரண்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனையுங்கள், முகக்கவசம் போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

எச்சத்தை எப்போ, எப்படி எடுக்கணும்?

இரவு புறா அடைந்த பிறகு உட்காரும் இடத்துக்குக் கீழே சுத்தமான காகிதமோ பிளாஸ்டிக் தாளோ விரித்து, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். தரையில் கிடந்ததைக் கிள்ளி எடுத்தால் மண்ணில் வாழும் புழுவும் பூஞ்சை வித்தும் தீவனத்துச் செள்ளும் சேர்ந்து வந்து குழப்பும். எச்சத்தின் வெள்ளைப் பகுதி சிறுநீர் உப்பு, அதை ஒதுக்கிவிட்டுப் பச்சையும் பழுப்புமான பகுதியை மட்டும் எடுக்க வேண்டும்.

முட்டை எல்லா நாளும் ஒரே அளவில் வெளியேறாது. அதனால் மூன்று நாள் எச்சத்தைச் சேர்த்துப் பார்ப்பது ஒரு நாள் எச்சத்தைவிட நம்பகமானது. முழுக் கூட்டுக்கும் பார்ப்பதானால் ஏழெட்டு இடத்திலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலக்கலாம். ஆனால் குஞ்சுகளையும் பெரிய புறாக்களையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நோயுள்ள புறா இருந்தால் அதைத் தனிக் கூண்டில் விட்டு அதன் எச்சத்தைத் தனியாகப் பாருங்கள்.

உடனே பாக்க நேரமில்ல. ஃபிரிட்ஜில வைக்கலாமா?

முட்டைக்கும் ஊசிஸ்ட்டுக்கும் வைக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வைத்தால் கெடாது. ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், உறைந்தால் முட்டை உருக்குலையும். வெளியே வைத்தால் நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் ஊசிஸ்ட்டுகள் முதிரத் தொடங்கிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். ஹெக்சமிடா பார்க்க நினைத்தால் ஃபிரிட்ஜ் பேச்சே இல்லை.

உப்புத் தண்ணிக்கு எவ்வளவு உப்பு? புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு போதுமா?

தாராளமாகப் போதும். எச்சத்தைக் கரைத்து முட்டைகளை மிதக்கவிடத்தான் இந்த உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் கொதித்த தண்ணீருக்கு 400 கிராம் கல்லுப்புப் போட்டுக் கலக்கி ஆற விடுங்கள். ஏறக்குறைய 360 கிராம்தான் கரையும், மீதி அடியில் நிற்க வேண்டும். நின்றால்தான் தண்ணீர் முழுக்க உப்பேறிவிட்டது என்று அர்த்தம். கல்லுப்பில் மண்ணும் தூசியும் இருக்கும், அதனால் ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

இந்தக் கரைசலின் அடர்த்தி 1.20 அளவில் இருக்கும். புழு முட்டைகள் பெரும்பாலும் இதைவிட லேசானவை, அதனால்தான் மேலே வருகின்றன. அடர்த்தியைச் சரிபார்க்க பேட்டரி கடையில் ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டரே போதும். ஆசிட் தொடாத புதியதாக வாங்கி, 1.200 கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். 1.15க்குக் கீழே காட்டினால் உப்புப் போதவில்லை, அதில் தேடுவது வீண்.

மிதக்க விட்டு எப்படி எடுக்கது? படிப்படியா சொல்லுங்கோ.

ஒரு கப்பில் 2 கிராம் எச்சத்தைப் போட்டு 28 மில்லி உப்புக் கரைசல் ஊற்றுங்கள். முதலில் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் நன்றாக மசித்து, பிறகு மீதியை ஊற்றினால் கட்டி நிற்காது. டீ வடிகட்டி வழியாக அடுத்த கப்பில் வடித்து, ஒரு தடவை கலக்கி, உடனே டெஸ்ட் டியூபில் ஊற்றுங்கள். டியூபை மணல் நிரப்பிய தம்ளரில் நேராக ஊன்றிக்கொள்ளலாம்.

கடைசியில் சிரிஞ்சால் துளித்துளியாக விட்டு, வாய்க்கு மேலே தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்கும்படி நிரப்ப வேண்டும். அந்தப் புடைப்பின் மேல் கவர் ஸ்லிப்பை மெல்ல வைத்து 15 முதல் 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியின் அடியில் ஒட்டும். பிறகு ஸ்லிப்பைச் செங்குத்தாகத் தூக்கி, சாய்க்காமல் சிலைடில் வையுங்கள். சாய்த்தால் அந்த ஒரு துளியோடு முட்டைகளும் வழிந்துவிடும்.

முக்கால் மணி நேரம் விட்டால் இன்னும் நிறைய வரும் என்று நினைக்க வேண்டாம். அடர்ந்த உப்பில் நேரமாக ஆக முட்டை ஓடு சுருங்கி அடையாளம் மாறும், மெல்லிய ஓட்டுக்காரன் முதலில் போவான். சிலைடில் வைத்த பிறகும் அப்படியே: காற்றாடியடியில் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓரத்தில் உப்புப் பூக்கத் தொடங்கும். காற்றாடியை நிறுத்திவிட்டு உடனே பாருங்கள்.

இவ்வளவு எதுக்கு, ஒரு துளி தண்ணில கலக்கிப் பாத்தா ஆகாதா?

அது வேறு வேலைக்கு. தீக்குச்சித் தலையளவு எச்சத்தை ஒரு துளி சலைனில் கலக்கிப் பார்ப்பது நேரடிப் பூச்சு. உயிரோடு ஓடுகிறவற்றைப் பார்க்க அதுதான் வழி, ஏனென்றால் உப்புக் கரைசலில் அவை செத்துவிடும். ஆனால் அதில் பார்ப்பது மிகச் சிறிய அளவு எச்சம். புழு முட்டை குறைவாக இருக்கும் புறாவில் நேரடிப் பூச்சு ஏமாற்றிவிடும். பூச்சின் அடர்த்திக்கு ஓர் அளவு: சிலைடைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும்.

லென்ஸ்ல ஒண்ணுமே தெரியல, வெள்ளை வெளேர்னு இருக்கு. மைக்ராஸ்கோப் கோளாறா?

பெரும்பாலும் வெளிச்சம் அதிகம். முட்டைகள் சாயம் ஏறாத கண்ணாடிப் பொருள் மாதிரி, பளிச்சென்ற ஒளியில் கரைந்துவிடும். கண்டென்சரைச் சற்று இறக்கி, டயாபிரத்தை முக்கால்வாசி மூடுங்கள். மூடிய உடனே ஓரங்கள் கறுத்து எழும்பும்.

அடுத்த காரணம், ஃபோகஸ் தவறான தளத்தில் நிற்பது. மிதந்து வந்த முட்டைகள் கவர் ஸ்லிப்பை ஒட்டியே இருக்கும், காற்றுக் குமிழிகளும் அங்கேயே இருக்கும். அதனால் 4 மடங்கு லென்ஸில் ஸ்லிப்பின் ஓரத்தைப் பிடித்து, 10க்கு மாறி, ஒரு குமிழியின் விளிம்பைக் கூர்மையாக்குங்கள், முட்டையும் ஏறக்குறைய அதே தளத்தில் கிடைக்கும். பிறகு ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக நகர்த்துங்கள். 22 மில்லிமீட்டர் ஸ்லிப்பை 10 லென்ஸில் முழுக்கப் பார்க்கப் பன்னிரண்டு பதின்மூன்று வரிசை வரும். சந்தேகமானது கிடைத்தால் மட்டும் 40.

முட்டைய எப்படி அடையாளம் காணது?

உருண்டைப்புழு: நீள்வட்டம், 80 முதல் 90 மைக்ரான் நீளம், வழவழப்பான தடித்த ஓடு, உள்ளே பிரியாத ஒரே திரள். 10 லென்ஸிலேயே பளிச்சென்று தெரியும்.

முடிப்புழு: எலுமிச்சம்பழ வடிவம், 50 மைக்ரான் அளவு, இரண்டு முனையிலும் மூடி போட்டது போன்ற அடைப்பு. அந்த இரண்டு மூடியைப் பார்த்துவிட்டால் வேறு எதோடும் குழம்பாது. எண்ணிக்கையில் குறைவாகவே வரும், ஆனால் குடல் சுவரைத் துளைத்து வாழும் புழு என்பதால் புறாவுக்கு இதன் கெடுதல் பெரிது. நிதானமாகத் தேட வேண்டிய முட்டை இது.

ஆர்னிதோஸ்ட்ராஞ்சிலஸ்: 70 மைக்ரான் அளவு, மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்து போல உயிரணுக்கள் பிரிந்து நிற்கும். எச்சம் பழசாகிவிட்டால் உள்ளே குட்டிப்புழுவே சுருண்டு கிடக்கும்.

காக்சிடியா: ஏறக்குறைய வட்டம், 15 முதல் 20 மைக்ரான், இரட்டைக் கோடாகத் தெரியும் ஓடு, புதிய எச்சத்தில் நடுவில் ஒரே ஓர் உருண்டை. 10 லென்ஸில் சின்ன மினுங்கும் புள்ளிதான். 40க்கு மாறினால் இரட்டை ஓடு பிரியும்.

மைக்ரான்னு சொல்றியளே, அதை எப்படி அளக்கது?

ஐபீஸின் ஓரத்தில் பெரும்பாலும் 10/18 என்று எழுதியிருக்கும். அந்த 18ஐ லென்ஸின் எண்ணால் வகுத்தால் கண்ணில் தெரியும் வட்டத்தின் அகலம் மில்லிமீட்டரில் வரும். 10 லென்ஸில் 1.8 மில்லிமீட்டர், 40 லென்ஸில் 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். 40 லென்ஸில் வட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கை ஒரு முட்டை அடைத்தால் அது 90 மைக்ரான், உருண்டைப்புழு அளவு. இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றால் காக்சிடியா அளவு.

துல்லியம் வேண்டுமென்றால் ஐபீஸுக்குள் வைக்கும் அளவுக் கண்ணாடி வாங்கலாம். 10 மில்லிமீட்டரை 100 கோடாகப் பிரித்தது என்றால் 10 லென்ஸில் ஒரு கோடு சுமார் 10 மைக்ரான், 40 லென்ஸில் சுமார் 2.5 மைக்ரான். உங்கள் கருவிக்கு அது எவ்வளவு என்பதை அளவுச் சிலைடு ஒன்றை இரவல் வாங்கியாவது ஒரு தடவை சரிபார்த்து எழுதி ஒட்டிவையுங்கள்.

வட்டமா நூத்துக்கணக்குல கிடக்கு. எல்லாம் காக்சிடியாவா?

அநேகமாக இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் பயப்படுவது இங்கேதான். காற்றுக் குமிழிக்குக் கன்னங்கரேலென்ற தடித்த விளிம்பு இருக்கும், உள்ளே வெறுமையாக இருக்கும், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இருக்கும். எண்ணெய்த் துளியும் அளவு மாறி மாறி வரும். ஊசிஸ்ட்டுகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும், இதுவே முதல் சோதனை.

கம்பு, சோளம், மக்காச்சோளம் தின்னும் புறாவின் எச்சத்தில் செரிக்காத மாவுமணி நிறைய வரும். நேரடிப் பூச்சில் டிங்சர் அயோடின் ஒரு துளி விட்டால் மாவுமணி கருநீலமாகும், ஊசிஸ்ட் ஆகாது. வெள்ளைப் பகுதி கலந்துவிட்டால் யூரேட் உருண்டைகள் தெரியும், அவற்றுக்கு ஓடும் இல்லை, உள்ளே உருண்டையும் இல்லை. மகரந்தமும் வரும், அதன் ஓட்டில் முள்ளோ வரிப்பள்ளமோ துளையோ இருக்கும். பெரிய நீள்வட்ட முட்டை ஒன்று 100 மைக்ரானைத் தாண்டினால் தீவனச் செள்ளின் முட்டையாக இருக்கலாம், பக்கத்திலேயே எட்டுக் கால் செள்ளும் அகப்படும். அப்போது பார்க்க வேண்டியது தீவன மூட்டையை.

நெளியுற புழுக்குஞ்சு ஒண்ணு ஓடிச்சு. அது என்ன புழு?

எச்சம் தரையில் கிடந்து எடுத்ததா? அப்படியென்றால் மண்ணில் தானாக வாழும் நூற்புழுவாகவே இருக்கும். அல்லது ஆர்னிதோஸ்ட்ராஞ்சிலஸ் முட்டை பொரித்து வந்திருக்கலாம், அது ஒரு நாளிலேயே பொரியும். மேலே சொன்னபடி தாள் விரித்துப் புதிய எச்சம் எடுத்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் மெல்லிய ஓட்டு முட்டை கிடைத்தால் சந்தேகம் தீரும்.

எத்தனை இருந்தா மருந்து கொடுக்கணும்?

புழு முட்டைக்கும் காக்சிடியாவுக்கும் கணக்கு வேறு. உருண்டைப்புழு, முடிப்புழு, ஆர்னிதோஸ்ட்ராஞ்சிலஸ் இவற்றின் முட்டை ஒன்றே ஒன்று உறுதியாகத் தெரிந்தாலும் அந்தக் கூட்டுக்கே குடற்புழு நீக்கம் செய்வதுதான் எங்கள் கருத்து. முட்டையின் எண்ணிக்கையும் உள்ளேயிருக்கும் புழுவின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

காக்சிடியா அப்படியல்ல. நல்ல ஆரோக்கியமான பெரிய புறாவிடமும் சில ஊசிஸ்ட்டுகள் இருக்கும், அந்தச் சிறு தொற்றுதான் அதன் எதிர்ப்புச் சக்தியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்லிப் முழுக்கத் தேடி அங்கொன்று இங்கொன்று என்றால், எச்சம் உருண்டையாகக் கட்டியாக இருந்தால், விட்டுவிடுங்கள். 10 லென்ஸின் ஒவ்வொரு வட்டத்திலும் பல தெரிந்து, எச்சம் தண்ணீராகவோ பச்சையாகவோ இருந்து, புறா கூனி உட்கார்ந்தால் மருந்து வேண்டும். தாயை விட்டுப் பிரிந்த குஞ்சுகளுக்கு நாலு மாதம் வரை இந்த எல்லையைக் குறைத்தே வையுங்கள். கோழிக்கு வருகிற மாதிரி இரத்தக் கழிச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, புறாவில் இரத்தம் தெரியாமலே நோய் முற்றும்.

ஆய்வகத்துல ஒரு கிராமுக்கு இத்தனைன்னு எழுதுறாங்களே, அது எப்படி?

அது மெக்மாஸ்டர் சிலைடு. இரண்டு அறை, ஒவ்வொன்றிலும் கோடு போட்ட பகுதிக்கு அடியில் 0.15 மில்லி. மிதக்கவிடுவதற்குச் செய்த அதே 2 கிராம், 28 மில்லிக் கலவையையே இதற்கும் பயன்படுத்தலாம். கலக்கிய உடனே சிரிஞ்சால் இரண்டு அறையையும் நிரப்பி, ஐந்து நிமிடம் விட்டு, கோட்டுக்குள் இருப்பதை மட்டும் எண்ணி, இரண்டு அறையையும் கூட்டி 50ஆல் பெருக்குங்கள். இரண்டிலும் சேர்த்து 12 என்றால் கிராமுக்கு 600.

கிராமுக்கு 50க்குக் கீழே இருந்தால் இதில் சிக்காமல் போகும். அதனால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க டெஸ்ட் டியூப் முறை, மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட மெக்மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒண்ணுமே கிடைக்கல. அப்போ எனக்க புறா சுத்தம்தானா?

இன்றைய எச்சத்தில் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். புறாவின் உருண்டைப்புழு உள்ளே போய் வளர்ந்து முட்டையிடச் சுமார் ஐந்தாறு வாரம் ஆகும். முடிப்புழுவுக்கு மூன்று நாலு வாரம். அந்த இடைவெளியில் குடல் நிறையக் குட்டிப்புழு இருந்தாலும் சிலைடு காலியாகவே இருக்கும். வெளியிலிருந்து வாங்கிய புறாவைத் தனியாக வைத்து, வந்த வாரம் ஒரு தடவையும் ஆறாவது வாரம் ஒரு தடவையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். முதல் தடவை சுத்தம் என்று கூட்டோடு சேர்த்துவிட்டால் வாங்கிய புறாவோடு புழுவும் வந்துவிடும்.

எச்சத்துல அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்கு தெரியுது, சிலைடுல ஒண்ணும் இல்லையே?

நாடாப்புழுவின் கணுக்களாக இருக்கும். அது முட்டையைத் தனித்தனியாக விடாமல் கணுவாக உதிர்க்கும், அதனால் மிதக்கும் முறையில் பெரும்பாலும் சிக்காது. அந்தத் துணுக்கை எடுத்து, ஒரு துளி சலைனில் வைத்து, இன்னொரு சிலைடால் நசுக்கி 10 லென்ஸில் பாருங்கள். உள்ளே உருண்டை உருண்டையாக முட்டைப் பொதிகளும், முட்டைக்குள் ஆறு கொக்கியும் தெரிந்தால் உறுதி.

புறாவிலிருந்து புறாவுக்கு இது நேராகத் தொற்றாது. எறும்பையோ வண்டையோ புறா விழுங்க வேண்டும். மருந்து கொடுத்துவிட்டுக் கூட்டுக் காலில் எறும்பு ஏறுவதைத் தடுக்காவிட்டால் திரும்ப வரும்.

ஹெக்சமிடா பாக்கணும்னா என்ன செய்யது?

புறாவைக் காகிதம் விரித்த பெட்டியில் விட்டு, எச்சமிட்ட சில நிமிடத்துக்குள் நேரடிப் பூச்சு செய்ய வேண்டும். சலைன் பாட்டிலை வெந்நீரில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், புறாவின் உடல் வெப்பமே 41 டிகிரி. சிலைடையும் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் அவை வெடித்துச் சாகும்.

40 லென்ஸில், 10 மைக்ரான் அளவில், நேர்க்கோட்டில் அம்பு மாதிரிப் பாய்ந்து வட்டத்தைக் கடந்து போவது ஹெக்சமிடா. பாக்டீரியாக்கள் அதைவிட மிகச் சிறியவை, துடித்துக்கொண்டிருக்கும். எச்சம் ஆறிய பிறகு பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கேங்கர் எச்சத்துல தெரியாதா?

எச்சத்தில் நம்பிப் பார்க்க முடியாது. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த காட்டன் பட்ஸை வாய் வழியாக இரைப்பை வரை மெல்ல இறக்கி, சுழற்றி எடுத்து, சிலைடில் சலைன் துளியில் பிழிந்து உடனே பாருங்கள். இரை எடுத்தவுடன் செய்யாதீர்கள், காலையில் வெறும் வயிற்றில் செய்வது நல்லது. கேங்கரை உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ், ஹெக்சமிடா போலப் பாயாது. நின்ற இடத்தில் உதறி உதறிச் சுழலும், ஒரு பக்கத்தில் சவ்வு அலையடிப்பது 40 லென்ஸில் தெரியும். சூடு, சலைன், அவசரம் மூன்றுக்கும் மேலே ஹெக்சமிடாவுக்குச் சொன்னதே இதற்கும்.

இந்தக் காக்சிடியா புறாவோடதா, கூட்டுக்குள்ள வாற சிட்டுக்குருவியோடதா?

நல்ல கேள்வி, புதிய எச்சத்தில் பதில் கிடைக்காது. கொஞ்சம் எச்சத்தைத் தட்டையான கிண்ணத்தில் ஒரு நூல் கனத்துக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மூடியைச் சற்றுத் திறந்து, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். காற்றும் ஈரமும் பட்டு ஊசிஸ்ட் முதிரும். பிறகு உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு 40 லென்ஸில் பாருங்கள். ஓட்டுக்குள் நாலு சின்னப் பைகள் இருந்தால் ஐமீரியா, புறாவினுடையது. இரண்டே பைகள் இருந்தால் ஐசோஸ்போரா, குருவி வகைகளில் சாதாரணமாக இருப்பது. அது புறாவின் குடலைக் கடந்து வந்ததாகவோ, குருவி எச்சம் தாளில் விழுந்ததாகவோ இருக்கலாம். அதற்காகப் புறாவுக்கு மருந்து கொடுக்காமல் வலையைச் சரிசெய்யுங்கள்.

ஆட்டுக்கு வாங்கின ஆல்பெண்டசோல் வீட்டுல இருக்கு. புழு முட்டை தெரிஞ்சா அதைக் கொடுக்கலாம்லா?

கொடுக்காதீர்கள். ஆல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஆட்டுக்கும் கோழிக்கும் பழகிய மருந்துகள்தான், ஆனால் புறா இனம் அவற்றைத் தாங்காது. எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து இரத்த அணு உற்பத்தியை நிறுத்துகின்றன, குடல் உட்சுவரையும் அரிக்கின்றன. கொடுத்த அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துச் சாகும்போது புழுவால் செத்தது என்று நினைப்போம். இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்தில் கொடுத்தால் புது இறகும் கோணலாக வரும். சிலைடில் கண்டதைப் படமெடுத்து, புறாவின் எடையோடு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தும் அளவும் அவர் எழுதட்டும்.

மருந்து கொடுத்தாச்சு. திரும்ப எப்போ பாக்கணும்? மாசம் கழிச்சு மறுபடியும் வருதே?

மருந்து வேலை செய்ததா என்று பார்க்கப் பத்து முதல் பதினாலு நாளில் ஒரு தடவை. திரும்பத் தொற்றியதா என்று பார்க்க ஆறு வாரத்தில் ஒரு தடவை, காரணம் மேலே சொன்ன முட்டையிடும் காலம். முதல் சோதனையிலேயே முட்டை வந்தால் மருந்தோ அளவோ தவறு. முதலில் சுத்தமாகி ஆறு வாரத்தில் வந்தால் கூட்டில் கோளாறு.

கூட்டைப் பொறுத்தவரை நாள் கணக்குதான் முக்கியம். எச்சத்தோடு விழுந்த ஊசிஸ்ட் ஈரத்தில் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வரும், உருண்டைப்புழு முட்டை இரண்டு மூன்று வாரத்தில். தினமும் சுரண்டினால் இரண்டும் அறுபடும், வாரம் ஒரு முறை சுரண்டினால் புழு மட்டும் குறையும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் ஊசிஸ்ட்டின் ஓட்டைத் துளைக்காது. கொதிக்கும் தண்ணீர், நன்றாகக் காயவிடுவது, வெயில் இவையே வேலை செய்யும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றிலேயே தரை காய்ந்துவிடும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் மழை மாதங்களில் கம்பி வலைத் தரை போட்டு எச்சம் கீழே விழும்படி செய்வதுதான் வழி.

மைக்ராஸ்கோப் மங்கிப் போச்சு. துடைச்சும் போகல.

முதலில் 40 லென்ஸைப் பாருங்கள். அதன் முனைக்கும் ஸ்லிப்புக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, உப்புக் கரைசல் வழிந்தால் ஒட்டிக் காய்ந்துவிடும். காய்ந்த உப்பைத் தேய்த்தால் கீறும். லென்ஸ் தாளை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துச் சற்று நேரம் ஒற்றி, உப்புக் கரைந்த பின் துடையுங்கள். வேலை முடிந்ததும் ஸ்டேஜையும் நனைத்துத் துடைக்காவிட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

உள்ளே பூஞ்சை என்றால் நீங்கள் கழற்ற வேண்டாம். வராமல் பார்ப்பது எளிது: மழை மாதங்களில் துணி உறை போட்டு மேசையில் விடாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

மூணு தடவை பாத்தாச்சு, எல்லாம் சுத்தம். ஆனா ரெண்டு புறா மெலிஞ்சுகிட்டே போகுது, ஒண்ணு செத்தும் போச்சு.

இனி சிலைடை நம்பி நாள் கடத்தாதீர்கள். மேலே தெரியாதவை என்று சொன்னவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்குக் கிருமி வளர்ப்புச் சோதனையோ பிரேதப் பரிசோதனையோதான் வழி. செத்த புறாவைப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, அன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோகலாமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு கெட்டு, பார்க்க முடியாமல் போகும். கூடவே உயிரோடிருக்கும் நோய்ப் புறாவின் புதிய எச்சம், நீங்கள் எடுத்த சிலைடுப் படங்கள், கடைசி இரண்டு மாதத்தில் என்ன மருந்து எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்ற குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.